சங்குமணி நகரில் மயில்கள் இருந்தனவா?

ஒரு நல்ல மனிதனைக் கெடுக்க அவனுக்குப் பதவி கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தவர் எழுதியதன் தலையில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டும் உரிமையைக் கொடுத்தால் போதும். சம்பளம்கூட வேண்டாம். சொந்த டேட்டாவைச் செலவழித்து, சொந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, உலகத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிடுவான்.

நான் அப்படிக் கிளம்பியவன்.

இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் கட்டுரை எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். எழுதுகிறவர்கள் ஒரு ரகம், திருத்துகிறவர்கள் ஒரு ரகம். புது மருமகள் வைத்த ரசத்தை மாமியார் பார்ப்பதுபோல, இரண்டாம் ரகத்தார் முதல் ரகத்தாரைப் பார்ப்பார்கள். நான் மாமியார் ரகம். சான்று காட்டாத கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, 'இக்கட்டுரையில் சான்றுகள் இல்லை. ஒரு வாரத்துக்குள் சேர்க்கப்படாவிட்டால் நீக்கப்படும்' என்று மஞ்சள் பட்டை ஒட்டுவது என் வேலை. (உண்மையான வேலை குரோம்பேட்டையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடுவது. அதை யார் கேட்டார்கள்?)

என் பயனர் பெயர் 'மெய்காப்போன்'. மெய்யைக் காப்பவன் என்ற பொருளில் வைத்தேன். அரண்மனை வாசலில் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்பவன் என்றுதான் பலரும் நினைத்தார்கள். யோசித்தால், அதுவும் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் லாரியைத் திருப்புவதுபோல நிதானமாகப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அக்கா செல்வி பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் அங்கே ஷிப்டு பார்த்ததால்தான் நான் இங்கே பட்டம் வாங்கினேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததுதான் பயமாக இருக்கும்.

அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்பது அப்பாவின் கட்சி. பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தில் படம் போட்டிருந்தாலும் நம்புவார். அந்த வீட்டில் வளர்ந்த நான் எதிர்க்கட்சி ஆனதில் ஆச்சரியமில்லை. சான்று இல்லாத எதையும் ஏற்பதில்லை என்று சபதம் எடுத்து, அதை வீட்டிலும் அமல்படுத்தினேன். ஒருநாள் அப்பா, மேடவாக்கம் கூட்டு ரோட்டில் வண்டி நகரவே இல்லை என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். சான்று இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கழற்றிய சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "வா, வண்டில ஏறு. இட்டுகினு போய்க் காட்றேன்" என்றார். அவ்வளவு பெரிய ஆதாரத்தை என்னால் தாங்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

கலைக்களஞ்சியத்தில் துப்புரவு மாதம் என்று ஒன்று அறிவித்தார்கள். சான்றில்லாக் கட்டுரைகளை யார் அதிகம் கண்டுபிடிக்கிறார் என்று ஒரு போட்டி. நான் பேருந்தில் ஒட்டினேன், ரயிலில் ஒட்டினேன், கடையில் பில் போடும் இடைவெளியில் ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து, எந்த வரியை யார் எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்பது விதி. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவன் ஒவ்வொரு இலையிலும் நின்று குசலம் விசாரிப்பானா? நான் எதையும் திறந்து பார்க்கவில்லை.

அப்படி ஓடுகையில்தான் 'சங்குமணி நகர்' என்ற கட்டுரை மாட்டியது. அஸ்தினாபுரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பு. கட்டுரையைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது, வேட்டைக்காரனுக்குப் புல்லரிப்பதுபோல. 'இந்நகரின் காற்று உடலுக்கு உகந்தது. மக்கள் அன்பானவர்கள். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தேங்குவதில்லை.' (தாம்பரம் பக்கத்தில் மழைக்காலம் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சற்று நேரம் சிரித்துவிட்டு வரவும்.) கடைசியாக, 'முன்னொரு காலத்தில் இங்கு மயில்கள் கூட்டம் கூட்டமாக உலவின. அவற்றின் குரல் கேட்டே மக்கள் கண்விழித்தனர்.' சான்று ஒன்றுகூட இல்லை.

பட்டை ஒட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டுரைக்கான உரையாடல் பக்கத்துக்குப் போய், ஒரு பத்தி எழுதினேன். 'இது கலைக்களஞ்சியமா, மனை விற்கும் விளம்பரமா? காற்றைச் சோதித்தவர் யார்? குறிப்பாக அந்த மயில்கள். கூச்சமே இல்லாமல் இப்படிக் கதை கட்டுகிறவர்களால்தான் தமிழில் அறிவு வளராமல் இருக்கிறது.' அதன் கீழே, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் பனிமலர் என்ற மூத்த பயனர், 'நீக்கலாம் என்பதை ஆதரிக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்தார். ஒருவர் ஆதரித்துவிட்டால் அப்புறம் ஒட்டியவனே நினைத்தாலும் பட்டையை உரிக்க முடியாது. சான்று வந்தால்தான் உண்டு. அந்த விதிக்காக அதற்கு முந்தைய வருடம் வாதாடி வென்றவன் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கல்யாணப் பேச்சு கனிந்திருந்தது. மாப்பிள்ளை சுதாகர், அவள் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். இரண்டு பேரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டது. முட்டுக்கட்டை சுதாகரின் அப்பா ஜெகந்நாதன் சார். அவர் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்ற அலுவலகங்களின் கணக்கைப் படித்து ஆட்சேபணை எழுதுவதே வாழ்நாள் தொழில். இந்தச் சம்பந்தத்துக்கும் வரிசையாக ஆட்சேபணை எழுதினார்: ஜாதகம், படிப்பு, தண்ணீர் லாரி. அக்கா அசரவில்லை. ஒவ்வொன்றுக்கும் சுதாகர் மூலமாகப் பொறுமையாகப் பதில் அனுப்பி, ஒரு வருடம் மல்லுக்கட்டி, கடைசியில் வீடு பார்க்க வாருங்கள் என்ற அழைப்பை வாங்கிவிட்டாள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போவதில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பழத்தட்டோடு போனோம். அஸ்தினாபுரம் என்று மட்டும்தான் தெரியும். நகரின் பெயரை நான் கேட்டிருக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒரு வளைவின் முன்னால் நின்றது. அதில் 'சங்குமணி நகர்' என்று எழுதியிருந்தது. வளைவுக்குப் பக்கத்தில் ஆள் உயரப் பீடத்தின்மேல் சிமெண்டால் செய்து நீலம் பூசிய ஒரு மயில் நின்றது. இந்தப் பெயரில் இரண்டு நகர்கள் இருக்கலாமே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். (சான்று இல்லாத நம்பிக்கை.)

ஜெகந்நாதன் சாரின் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது அந்தக் கட்டுரை. வண்ண அச்சு, கண்ணாடி, ஓரத்தில் பூ. ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதிய ஒரே எழுத்து அது. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். காபி வருவதற்குள்ளேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். மெய்காப்போன் என்று ஒரு ஆசாமி அந்தக் கட்டுரையை அழிக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். நகரே கொதித்துப் போயிருக்கிறது. நுழைவாயிலில் மயில் வைத்ததே அந்தக் கட்டுரையின் பெருமையில்தான். இப்போது பக்கத்து நகர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். இந்த அவமானம் தலைக்கு மேலே தொங்கும்போது அவருக்குத் தேதி குறிக்க மனசு வரவில்லை. "முதல்ல இது முடியட்டும், அப்புறம் மத்ததைப் பேசலாம்னு பாக்கறேன்" என்றார்.

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை அடங்கும்வரை பார்த்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு மகனைப் பற்றிப் பெருமையடிக்கக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

"இன்னா சார் இதுக்குப் போயி பேஜாராவுறீங்கோ? எம் பையன் அதுலதான் எழுதிகினு கீறான். அவனாண்ட வுடுங்க. அந்த மெய்காப்பாளன் எவன்னு கண்டுபுட்ச்சு காதைத் திருகி இட்டுகினு வந்துடுவான்."

ஜெகந்நாதன் சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையால்தான் நான் பட்டை ஒட்டியது. கண்டிப்பாகப் பார்க்கிறேன் சார் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து, என்னை நானே தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. உலகத்துத் துப்பறிவாளர்களில் இவ்வளவு எளிய வழக்கு கிடைத்தும் தவித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் சீருடையை அலசிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. எடுத்துவிடு என்றாள். என்னால் எடுக்க முடியாது, ஒருவர் ஆதரித்துவிட்டார், இனி நம்பகமான மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும் என்று விதியை விளக்கினேன். அப்படியானால் அவரிடம் சொல்லியாவது தொலை என்றாள். சொன்னால் கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் சீருடையை முறுக்கிப் பிழிந்தாள். என் கழுத்து தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஒரு வருஷம்டா. அந்த மனுசன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்சேன். உன்னால மட்டும் இது நின்னுச்சு, உன் நெத்தில நான் ஒட்றேன் பாரு ஒரு பட்டை. சான்றெல்லாம் தேட மாட்டேன்."

மறுநாளிலிருந்து நானும் ஜெகந்நாதன் சாரும் அவருடைய ஸ்கூட்டரில் சான்று தேடினோம். அவர் ஓட்ட, நான் பின்னால். முதலில் நகரின் பெயர்ப் பலகையைக் காட்டினார். செல்லாது சார், உங்கள் சங்கமே வைத்தது என்றேன். தன் ஆதார் அட்டையைக் காட்டினார். அது நீங்கள் இருப்பதற்குத்தான் சான்று, நகரின் காற்றுக்கு இல்லை என்றேன். கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ், கேபிள்காரர் ரசீது எல்லாம் வந்தன, எல்லாவற்றையும் தள்ளினேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, ஒவ்வொரு முறை நான் தள்ளும்போதும் அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் சொல்ல வேண்டும் என்று விளக்கியபோது, ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "தேர்டு பார்ட்டி கன்ஃபர்மேஷன்" என்று பழைய காதலியின் பெயரைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. வழியெல்லாம் மெய்காப்போனைத் திட்டிக்கொண்டே வந்தார். மூஞ்சி காட்டாமல் குறை எழுதுகிறவன் ஆம்பளையா என்று கேட்டார். நானும் பின்னாலிருந்து, அதானே சார் என்றேன். ஒருமுறை, அவனுக்கு வீட்டில் மரியாதை இருக்காது, அதனால்தான் இப்படி அலைகிறான் என்றார். அதற்கும் அதானே சார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியில் குரோம்பேட்டையில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஓர் இலவச வாரப் பத்திரிகை அலுவலகத்தில் கிடைத்தது புதையல். வாராவாரம் கேட்டில் செருகிவிட்டுப் போவார்களே, பாதி விளம்பரமும் மீதி இரங்கல் செய்தியுமாக, அந்த வகை. பழைய கட்டுக்குள்ளிருந்து ஒரு பக்கம் வந்தது. 'சங்குமணி நகரின் சிறப்புகள்.' காற்று இருந்தது, அன்பான மக்கள் இருந்தார்கள், மயில்கள் கூட்டம் கூட்டமாக உலவின. வரிகள் எல்லாம் எங்கோ படித்ததுபோல இருந்தன. நல்ல தமிழ் என்றால் அப்படித்தான் மனதில் ஒட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே நின்று படம் எடுத்து, சான்றாகச் சேர்த்து, உரையாடல் பக்கத்தில் 'வலுவான சான்று கிடைத்துவிட்டது, பட்டையை நீக்கலாம்' என்று எழுதினேன். ஜெகந்நாதன் சார் என்னைக் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், குடும்பத்தோடு வர வேண்டும், அங்கேயே தேதி பேசிவிடலாம் என்றார்.

ஞாயிறு காலை சிமெண்ட் மயிலின் அடியில் சாமியானா போட்டிருந்தார்கள். மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள், பன்னீர் சோடா. அப்பாவையும் அம்மாவையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அக்கா சுதாகரின் அம்மாவுக்குப் பக்கத்தில் மல்லிகைப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடத்தில் முதல் முறையாக அவள் தோள்கள் இறங்கியிருந்தன. என்னை மேடைக்கு அழைத்து, "தாம்பரத்திலிருந்து வந்து நம் நகரின் மானத்தைக் காத்த தம்பி பிரபு" என்று அறிமுகம் செய்து, சால்வை போர்த்தினார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குக் கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். செய்த தப்பை இவ்வளவு சாமர்த்தியமாகச் சரிசெய்து, அதற்குச் சால்வையும் வாங்கியவன் எவன் இருக்கிறான் என்று நினைத்தபோது என்மேலேயே எனக்கு மரியாதை வந்தது.

ஜெகந்நாதன் சார் மைக்கைப் பிடித்தார். நோட்டீஸ் நீங்கிவிட்டதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்த்துவிடலாம் என்று செல்போனில் உரையாடல் பக்கத்தைத் திறந்தார். புதிதாக ஏதோ பதில் வந்திருக்கிறது, பாராட்டாக இருக்கும், படிக்கிறேன் என்றார். படித்தார். தணிக்கைக் குரல், ஒவ்வொரு சொல்லும் முத்திரை குத்தியதுபோல விழும்.

"வணக்கம் மெய்காப்போன். உங்கள் தேடலுக்கு நன்றி. ஆயினும் நீங்கள் தந்திருக்கும் பத்திரிகைச் செய்தி நமது கட்டுரைக்குப் பிந்தியது. நமது கட்டுரையையே வரிக்கு வரி படியெடுத்திருக்கிறார்கள். நம்மையே நமக்குச் சான்றாகக் காட்ட இயலாது. மேலும், வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன். மயில்கள் பற்றிய வரியைச் சேர்த்தவர் பயனர் 'தாம்பரம் பிரபு'. அது உங்கள் பழைய பயனர் பெயர் அல்லவா? நீங்களே சேர்த்து, நீங்களே கண்டித்து, நீங்களே நீக்கக் கோரி, இப்போது நீங்களே சான்றும் தருகிறீர்கள். இதில் உங்களின் எந்த நிலைப்பாட்டை நான் ஆதரிக்க வேண்டும் என்று அன்புடன் தெளிவுபடுத்தவும்."

சாமியானாவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். சற்று முன்புதான் அதே மைக்கில், தாம்பரத்திலிருந்து வந்த பிரபு என்று என்னை அறிமுகம் செய்திருந்தார்கள். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கலைக்களஞ்சியப் பயிற்சிப் பட்டறை நடந்தது. சுற்றுவட்டார ஊர்க் கட்டுரைகளில் ஆளுக்கு ஒரு வரியாவது சேருங்கள் என்றார்கள். நான் உற்சாகத்தில் பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு வரி சேர்த்தேன். அதில் இது ஒன்று. கூச்சமே இல்லாமல் கதை கட்டியவன், தமிழில் அறிவை வளரவிடாமல் தடுத்தவன், நானேதான்.

மயில் இருந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று ஜெகந்நாதன் சார் கேட்டார். மைக்கை அணைக்கவில்லை. நான் முன்வரிசையைக் காட்டினேன். எங்கப்பா, சார்.

அப்பா பன்னீர் சோடாவை வாயிலிருந்து எடுத்தார்.

"டேய், நான் எப்படா இந்த எடத்தைச் சொன்னேன்? பள்ளிக்கரணைக்குத் தண்ணி எடுத்துகினு போசொல்ல, ஏரியோரமா மயிலு மேயுதுன்னு சொன்னேன். அது வேற லோடுடா."

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, இல்லை, மயில் இருந்தது, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சண்டைக்கு வந்தார். அவர் அங்கே குடிவந்ததே அந்தக் கட்டுரை வந்ததற்கு அப்புறம்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லி உட்காரவைத்தார். ஜெகந்நாதன் சார் அண்ணாந்து சிமெண்ட் மயிலைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ரசீது இல்லாமல் எதையும் அனுமதிக்காத மனிதர்; அழகாக இருந்த ஒரே காரணத்துக்காக, யாரோ தன் கட்டுரையில் சேர்த்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டிருந்தார். அது பீடத்தின்மேல் நின்றது. கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தார். அப்பாவிடம் மட்டும், அப்புறம் பேசலாம் என்றார். எங்கள் பக்கத்தில் அப்புறம் பேசலாம் என்றால் பேசமாட்டேன் என்று பொருள்.

திரும்பும்போது, ஷேர் ஆட்டோ ஜி.எஸ்.டி சாலைக்கு வந்ததும் அக்கா என்னைப் பார்க்காமலே, "அந்தச் சால்வையைக் கழட்டு" என்றாள். அதுவரை போர்த்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போகும் முன் அஸ்தினாபுரம் போனேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பதைவிட அது பாதுகாப்பாகப் பட்டது. வழி நெடுக ஒரு மன்னிப்பு உரை தயாரித்தேன். அதில் மூன்று இடங்களில் அழுவதாக ஏற்பாடு.

ஜெகந்நாதன் சார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு கத்தைக் காகிதம். கலைக்களஞ்சியத்தின் விதிப் பக்கங்கள் அத்தனையையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். நான் உரையை ஆரம்பிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"உங்க அப்ஜெக்‌ஷன் கரெக்ட். காத்து நல்லாருக்குன்னு நான் எழுதினதுக்கு ஆதாரம் கிடையாது. மழைத்தண்ணி நிக்காதுன்னு எழுதினது சுத்தப் பொய். போன மழைக்கு இந்த டேபிள்மேலதான் நானே உக்காந்திருந்தேன். அதுக்கெல்லாம் எனக்குக் கோபம் இல்ல தம்பி. ஆனா அப்ஜெக்‌ஷன் போட்டவன் கீழ பேரைப் போடணும். போட்டுட்டு, என் ஸ்கூட்டர் பின்னாடியே உக்காந்து அதானே சார், அதானே சார்னு சொல்லக்கூடாது."

தயாரித்த உரையில் அழுவதாக வைத்திருந்த இடங்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. வெறுமனே, தப்புதான் சார் என்றேன். மயில் வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுங்கள் என்றார். பிறகு, சிமெண்ட் மயிலை என்ன செய்வது என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். 'நகரின் நுழைவாயிலில் ஒரு மயில் சிலை உள்ளது' என்று எழுதினால் விதிப்படி செல்லும்; அதைத் திறந்து வைத்த நாளில் ஒரு தினசரியில் படமே வந்திருக்கிறது. மயில் பொய், சிலை மெய். இதைச் சொன்னதும் அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். உதட்டோரம் ஏதோ அசைந்தது.

அதுதான் சமயம் என்று கல்யாண விஷயத்தைக் கேட்டேன். நான் செய்ததற்கு அக்காவைத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அது நேத்தே முடிஞ்சுதே. சாயங்காலம் உங்க அக்கா போன் பண்ணா. 'மாமா, அவன் அப்ஜெக்‌ஷனை என் ஃபைல்ல சேக்காதீங்க'ன்னா. நியாயம்தானே? தை மாசம் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நேற்று மாலையிலிருந்து அம்மா, அப்பா, அக்கா மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் அக்கா எனக்கு இட்லி வைத்தபோதுகூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வைத்தாள். ஒருநாளாவது பட்டையோடு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டபோது ஜெகந்நாதன் சார் கூப்பிட்டு, இந்தப் பட்டை ஒட்டுவதை எப்படிச் செய்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். சம்பந்தி வீட்டு மனிதரின் மனம் குளிரட்டும் என்று நானும் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் அன்று செய்த தப்புகளில் அதுதான் பெரியது.

தை மாதம் கல்யாணம் சிறப்பாக நடந்தது. சங்குமணி நகர்க் கட்டுரை இன்றும் இருக்கிறது, மூன்று வரியில். மூன்றுக்கும் சான்று உண்டு. ஜெகந்நாதன் சார் முழுநேரத் துப்புரவாளர் ஆகிவிட்டார். பயனர் பெயர், வேறென்ன, சொந்தப் பெயரே, இனிஷியலோடு. பட்டை ஒட்டுவதற்கு முன் வரலாற்றுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்கிறார். நான் அதுவரை கைவைத்த கட்டுரைகள் அனைத்தையும் தேதிவாரியாகத் தணிக்கை செய்து, பாதிக்குமேல் மஞ்சளாக்கிவிட்டார். போன வருடம் நிர்வாகி தேர்தல் நடந்தது. நானும் நின்றேன், அவரும் நின்றார். பனிமலர் யாரை ஆதரித்தார் என்பதை எழுத என் கை ஓடவில்லை. நிர்வாகி இப்போது அவர்தான்.

அப்பா சொன்ன வாசகமும் ஜெகந்நாதன் சார் மூலமாகத்தான் பரவியது. ஒரு கட்டுரைக்குக் கொடுத்த சான்று வேறு ஏதோ ஊரையோ ஆளையோ பற்றியதாக இருந்தால், விதி எண்ணெல்லாம் எழுதாமல், 'அது வேற லோடு' என்று மட்டும் போட்டு நீக்கிவிடுகிறார். மற்ற பயனர்களும் பிடித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பனிமலர் எழுதுகிறார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதுகிறார். வீட்டில், அம்மா துவரம்பருப்பு டப்பாவில் கடலைப்பருப்பைக் கொட்டினால்கூட, பிறந்தவீட்டுக்கு வரும் அக்கா அதையேதான் சொல்கிறாள். லாரி ஓட்டும் எங்கள் அப்பாவுக்கு, உலகத் தமிழுக்குத் தாம் ஒரு தொடர் தந்திருப்பது தெரியும், சொன்னோம். "அச்சுல வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பயனர் ஒருவர் பொது உரையாடல் பக்கத்தில் பணிவாகக் கேட்டிருந்தார்: 'அது வேற லோடு என்று பலரும் எழுதுகிறீர்களே, இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது? யாருக்காவது தெரியுமா?'

எனக்குத் தெரியும். யார் சொன்னார், எங்கே சொன்னார், கையில் பன்னீர் சோடாவோடு எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார் என்பதுவரை தெரியும். விரிவாகப் பதில் எழுதி, அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். பிறகு அவ்வளவையும் அழித்துவிட்டேன். எழுதினால் நிர்வாகி வந்து சான்று கேட்பார்.